அமைதிப் படையின் 32 மாதங்கள்

(குன்னத்துகாலில் எல்லைப்புறக் கிராமங்களின் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொழிச் சிக்கலைத் தெற்காசியாவின் இரண்டு அரசுகள் இரு வேறு வழிகளில் கையாண்ட ஆண்டு 1956. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குன்னத்துகாலும் காரக்கோணமும் பாறசாலையும் கோட்டுக்கு இப்புறம். பளுகலும் களியக்காவிளையும் அப்புறம். இது எளிதில் நடந்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பிறகே டெல்லிக்கு விஷயம் உறைத்தது. ஆயினும் மக்களின் கோரிக்கை அரசியல் தீர்வாக மாறியது. அத்தீர்வில் குறைகள் உண்டு; இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சினர். ஆனால் அந்தக் கோட்டைக் காக்க இன்றுவரை ஒரு படைப்பிரிவும் தேவைப்படவில்லை.

அதே 1956இல், கடலுக்கு அப்பால், பண்டாரநாயக்காவின் அரசு சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இரு மொழிக்கும் சம உரிமை கேட்டவர்களில் லங்கா சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். சிங்களத் தொகுதிகளில் வாக்கு குறையும் என்று தெரிந்தே அவர்கள் அந்நிலையை எடுத்தனர். எட்டே ஆண்டுகளில், 1964இல், சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அமைச்சரவையில் அமர்ந்தது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்து, சிங்களத்தின் தனி ஆட்சிமொழி நிலையை உறுதிசெய்த 1972 அரசமைப்புச் சட்டத்தை வடிவமைத்த அமைச்சர், அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரிகள் விட்டுச்சென்ற இடத்தில்தான் வடக்கின் இளைஞர்கள் துப்பாக்கியைக் கண்டெடுத்தனர். இலங்கைத் தமிழர் போராட்டத்தின் வரலாற்றைப் பிரபாகரனிலிருந்து தொடங்குபவர்கள் இதை மறைத்துவிடுகின்றனர்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மீது நடத்தப்பட்ட வெறியாட்டத்திற்குப் பிறகு இந்திய அரசு நேரடியாக உள்ளே வந்தது. தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பு உண்மையானது. அரசு ஊழியர் முதல் மாணவர் வரை தெருவுக்கு வந்தனர். ஆனால் டெல்லியின் கணக்கு வேறு. ஜெயவர்த்தனா திறந்த பொருளாதாரத்தின் பேரால் அமெரிக்காவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். இஸ்ரேலிய உளவு ஆலோசகர்கள், பிரிட்டிஷ் கூலிப்படைப் பயிற்சியாளர்கள், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒலிபரப்பு நிலையம், திருகோணமலைத் துறைமுகம் - இவைதான் சவுத் பிளாக்கின் கவலைகள். கொழும்பைப் பணியவைக்க ஒரு நெம்புகோல் வேண்டியிருந்தது. உளவு அமைப்பான 'ரா' தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு வட இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் ஆயுதப் பயிற்சி அளித்தது. ஒரு குழுவுக்கு மட்டுமன்றி, டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட், புலிகள் என ஐந்து குழுக்களுக்கும். எந்த ஒன்றும் தனித்து வளர்ந்து கைமீறிவிடக் கூடாது என்பது கணக்கு. 1986இல் புலிகள் டெலோவை அழித்து, அவ்வாண்டின் இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பையும் ஒடுக்கியபோது அந்தக் கணக்கு பொய்த்தது.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சிக்குள் நுழைந்தது. ஜூன் 3 அன்று இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் மிராஜ் போர் விமானங்கள் துணைவர, ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. வானிலிருந்து விழுந்த அரிசியும் பருப்பும் யாழ்ப்பாண மக்களின் பசியைப் போக்கும் அளவினது அல்ல. அது கொழும்புக்கு எழுதப்பட்ட கடிதம். ஜெயவர்த்தனா அதைச் சரியாகவே படித்தார். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் அவரும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

அந்த ஒப்பந்தத்தை இன்று எடுத்துப் படிப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, யாருடைய வாழ்வைப் பற்றி அது பேசுகிறதோ அவர்களுடைய கையெழுத்து அதில் இல்லை. தமிழர் தரப்பில் எந்தக் கட்சியும், எந்த இயக்கமும் ஒப்பமிடவில்லை. பிரபாகரன் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டு அசோக் ஓட்டலில் வைக்கப்பட்டார். ஒப்பந்தத்தின் விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது, அவ்வளவே. 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்று, அங்கே இல்லாதவர்களின் பேரால் இரண்டு அரசுகள் வாக்குக் கொடுத்தன. இரண்டாவது, ஒப்பந்தத்துடன் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை. திருகோணமலை எண்ணெய்க் கிடங்கை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது. அந்நிய ஒலிபரப்பு நிலையங்களை மறுபரிசீலனை செய்வது. தமிழர் உரிமை பற்றிய பகுதிகளில் வாக்கியங்கள் தளர்ந்து, 'கலந்தாலோசிக்கப்படும்' வகையில் நிற்கின்றன. துறைமுகம் பற்றிய கடிதங்களில் ஒரு சொல்லும் தளரவில்லை.

'உதவிக்கு வரும் படை' என்பது திருவிதாங்கூர் மண்ணுக்குப் பழகிய சொல். 1795லும் 1805லும் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி அரசனைக் காக்கக் கம்பெனியின் படை வந்து தங்கியது. அதற்கான கட்டணத்தைக் குடியானவர்களின் வரியிலிருந்து கொடுக்க வேண்டும். 1805 உடன்படிக்கைக்குத் துணைநின்ற தளவாய் வேலுத்தம்பிதான், 1809 ஜனவரியில் குண்டறையில் நின்று கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்தார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தகர்த்து உள்ளே வந்தது. தலக்குளத்தில் பிறந்த அந்த மனிதர் மண்ணடியில் உயிர்விட்ட பிறகும், அவருடைய உடலைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவந்து தூக்கில் தொங்கவிட்டனர். காலனியக் கம்பெனியும் 1987இன் இந்தியக் குடியரசும் ஒன்றல்ல. ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் அழைத்தவனும் வந்தவனும் சேர்ந்து எழுதும் உடன்படிக்கையில் உள்ளூர் மக்கள் வெறும் செலவுக் கணக்காகிவிடுவது இரண்டிலும் பொது.

1987 ஜூலை 30 அன்று பலாலியில் இந்தியப் படை இறங்கியபோது யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். இதை யாரும் மறுக்க முடியாது. இலங்கை ராணுவத்தின் குண்டுவீச்சிலிருந்து காக்க வந்தவர்கள் என்றே மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பத்து வாரங்களில் கரைந்தது. செப்டம்பர் 15 அன்று நல்லூரில் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பைத் தொடங்கிய திலீபன், ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் 26ஆம் நாள் இறந்தார். காந்தியின் பெயரைச் சொல்லி ஆளும் ஓர் அரசின் படை, கூப்பிடு தொலைவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இலங்கை அரசு வற்புறுத்தியது. குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு அருந்தி இறந்தனர். அதற்குப் பழிவாங்குவதாகக் கிழக்கில் நூற்றுக்கு மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைப் புலிகள் கொன்றனர். மீனவர்களும் பேருந்துப் பயணிகளுமான அவர்களுக்கும் அந்த 12 பேரின் சாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அக்டோபர் 10க்குப் பிறகு 'பவான் நடவடிக்கை' தொடங்கியது. அமைதிப் படை போர்ப் படையாயிற்று.

சில நாட்களில் யாழ்ப்பாணத்தைப் பிடித்துவிடலாம் என்று டெல்லியில் பேசிக்கொண்டனர். அக்டோபர் 11 நள்ளிரவுக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் விடிந்த பின் உயிருடன் இல்லை. பஞ்சாபின் சிற்றூர்களிலிருந்து வந்த அந்த இளைஞர்களுக்குத் தாங்கள் யாரோடு, எதற்காகச் சண்டையிடுகிறோம் என்று எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன்புவரை இதே அரசு பயிற்சியளித்தவர்களின் துப்பாக்கிக்கு அவர்கள் பலியாயினர்.

அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண அரசினர் மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் அறை அறையாகச் சுட்டனர். கையெறி குண்டு வீசினர். மூன்று மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள், நோயாளிகள் என 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனைக்குள்ளிருந்து புலிகள் சுட்டனர் என்பது படையின் விளக்கம். வளாகத்தில் புலிகள் சிலர் வந்து நின்றதும், வெளியேறும்படி மருத்துவர்கள் அவர்களிடம் மன்றாடியதும் உண்மைதான். அதனால் கட்டிலில் கிடந்த நோயாளியும், கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த மருத்துவரும் இலக்கு ஆகிவிடுவதில்லை. 1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் ஆறு சிப்பாய்கள் இறந்ததற்குப் பின், அவ்வூரில் 50க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. 1968இல் வியட்நாமின் மைலாயில் அமெரிக்கச் சிப்பாய்கள் செய்ததுடன் இதை இந்தியாவிலேயே சிலர் ஒப்பிட்டனர். மைலாய்க்காக ஓர் அதிகாரியாவது அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார், பிறகு அது எவ்வளவு குறைக்கப்பட்டது என்பது வேறு. யாழ்ப்பாண மருத்துவமனைக்காகவோ வல்வெட்டித்துறைக்காகவோ இந்தியாவில் தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை.

படைத்தலைவர்கள் பின்னாளில் நூல்கள் எழுதினர். ஜெனரல் தீபிந்தர் சிங் எழுதினார், மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் எழுதினார். உளவுத் தகவல் இல்லை, சரியான வரைபடம் இல்லை, அரசியல் தலைமை குழப்பியது என்பவை அவர்களுடைய குறைகள். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யவோ சுட்டுக்கொல்லவோ வேண்டும் என்று தூதர் ஜே.என். தீட்சித் கூறியதாகவும், வெள்ளைக்கொடியின் கீழ் வருபவனைச் சுடுவது ராணுவ மரபல்ல என்று தாம் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் பதிவுசெய்திருக்கிறார். இவை அறியத்தக்கவையே. ஆனால் இந்த நூல்கள் எல்லாம் 'எப்படிச் சண்டையிட்டிருக்க வேண்டும்' என்ற கேள்விக்கே விடை தேடுகின்றன. நல்ல வரைபடம் இருந்திருந்தால் அந்தப் போர் நியாயமாகியிருக்காது. விரைவாக முடிந்திருக்கும் என்பதும் ஐயமே. வியட்நாமில் அமெரிக்காவிடம் வரைபடத்துக்குக் குறைவில்லை. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சென்று 1989 பிப்ரவரியில் வெளியேறிய சோவியத் படையிடமும் குறைவில்லை. ஏறத்தாழ 15,000 சோவியத் வீரர்களும் எண்ணற்ற ஆப்கானியரும் மாண்டனர், சோசலிசத்தின் பெயரும் அங்கே சேர்ந்தே கெட்டது.

இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 1,100க்கு மேல். காயமுற்றோர் ஏறத்தாழ 3,000. உச்சகட்டத்தில் 70,000க்கு மேற்பட்ட வீரர்கள் அங்கே நின்றனர். அவர்களில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. தமிழரும் மலையாளியும் ஒரே பிளாட்டூனில் நிற்கும் ரெஜிமென்ட் அது. இந்த எல்லைக் கிராமங்களில் பட்டாளத்திற்குப் போவது தேசபக்திப் பாட்டைக் கேட்டு அல்ல என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் வெட்டும் தறியும் கொடுக்காத நிலையான சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பட்டாளம் கொடுக்கிறது. அந்தச் சிப்பாய்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதல்ல இவ்வுரையின் நோக்கம். தமிழ் பேசும் சிப்பாய் ஒருவனைத் தமிழ் பேசும் தாயின் வீட்டுக் கதவை உதைக்க அனுப்பியவர்கள் யார் என்பதே கேள்வி.

இடதுசாரிகள் அப்போது என்ன செய்தனர்? நாடாளுமன்றத்தில் இருந்த பெரிய இடதுசாரிக் கட்சிகள் ஒப்பந்தத்தை வரவேற்றன. அவர்களுடைய வாதம் அற்பமானதல்ல: இலங்கையின் ஒருமைப்பாடு காக்கப்படுகிறது, தமிழருக்குச் சுயாட்சி கிடைக்கிறது, திருகோணமலையில் அமெரிக்கா கால்வைக்க முடியாது. மூன்றாவது காரணமே மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. ஏகாதிபத்தியத்தை வெளியே நிறுத்துகிறது என்பதற்காகவே ஒரு பெரிய அண்டை நாட்டின் படையெடுப்பு முற்போக்கானதாகிவிடாது. துறைமுகம் யாருக்கு என்ற பேச்சில் யாழ்ப்பாணத்துக் குடியானவனும் திருகோணமலை மீனவனும் காணாமற்போயினர். மேலும், தன் நாட்டு ஆளும் வர்க்கம் நடத்தும் போரைச் சோதிப்பதுதான் சர்வதேசியவாதிகளுக்கு முதல் வேலை. பிற நாட்டு ஆளும் வர்க்கத்தின் போரை எதிர்ப்பதற்குத் துணிவு அதிகம் தேவையில்லை.

ஒப்பந்தம் தென்னிலங்கையில் என்ன செய்தது என்பது இங்கே அதிகம் பேசப்படாத பகுதி. வடக்கை இந்தியப் படை ஏற்றுக்கொண்டதால் இலங்கை ராணுவத்திற்குக் கை ஒழிந்தது. அந்தக் கை தெற்கே திரும்பியது. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்ற முழக்கத்துடன் ஜே.வி.பி. கிளர்ந்தெழுந்திருந்தது. வேலையற்ற சிங்கள கிராமப்புற இளைஞர்களின் கோபம் உண்மையானது. ஆனால் அதை ஜே.வி.பி. தலைமை தமிழர் உரிமைக்கு எதிரான தேசவெறியாகத் திருப்பியது. மாகாண சபைகளை ஆதரித்த இடதுசாரிகளை அது வேட்டையாடியது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே யாழ்ப்பாணம் சென்று புலிகளுடன் பேசிய விஜய குமாரதுங்க, 1988 பிப்ரவரி 16 அன்று கொழும்பில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அரசு ஜே.வி.பி.யை வேட்டையாடியது. 1989 நவம்பரில் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார். ஆறுகளிலும் சாலையோர டயர்த் தீயிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்களின் உடல்கள் கிடந்தன. வடக்கில் அமைதிப் படை என்றால், தெற்கில் மயான அமைதி.

வடக்கிலும் மாற்றுக்குரல்களுக்கு இடமில்லை. இந்தியப் படையின் நிழலில் 1988 நவம்பரில் நடந்த தேர்தலில் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் வரதராஜப் பெருமாள் வடகிழக்கு மாகாண முதலமைச்சரானார். இடதுசாரிச் சிந்தனையுடன் தொடங்கிய அந்த இயக்கம், பள்ளிச் சிறுவர்களைத் தெருவில் பிடித்துத் 'தமிழ் தேசிய ராணுவ'த்தில் சேர்க்கும் நிலைக்குத் தாழ்ந்தது. மக்களிடமிருந்து பிரிந்து, அந்நியப் படையின் தோளில் அமர்ந்த இடதுசாரியத்தின் முடிவு அது. எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே அளவுகோலால் அளந்து 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய தோழர்கள் பதிவுசெய்துள்ளனர். இந்தியப் படையின் கொடுமைகளை ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்தியவர் அவர். அந்தப் படையை எதிர்த்தவர்களின் கையாலேயே இறந்தார். ஈழ ஆதரவு மேடைகளில் அவருடைய பெயர் ஒலிப்பதில்லை.

1989 ஜூன் 1 அன்று அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். புலிகளுடன் பேச்சு நடத்திய அவர், இந்தியப் படையை எதிர்க்க அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். புலிகளிடமிருந்து சிங்கள அரசைக் காக்கவும், சிங்கள அரசிடமிருந்து தமிழரைக் காக்கவும் சென்றதாகச் சொல்லப்பட்ட படையை, அவ்விரு தரப்பும் சேர்ந்து வெளியே தள்ளின. டிசம்பரில் வி.பி. சிங் பிரதமரானார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. மூன்றே மாதங்களில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. அதே ஜூனில் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டனர். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். 2009 மே வரை நீண்டது போர்.

32 மாதங்களில் மிஞ்சியது என்ன? 13ஆவது அரசமைப்புத் திருத்தம். அதன்படி மாகாண சபைகளுக்கு உரிய காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் இன்றுவரை கொடுக்கப்படவில்லை. இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2007இல் பிரிக்கப்பட்டன. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013இல்தான் நடந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் மறு தேர்தல் இல்லை. ஆனால் அந்தக் கடிதங்கள்? அவை உயிரோடிருக்கின்றன. 2003இல் இந்தியன் ஆயில் நிறுவனம் திருகோணமலைக்குள் வந்தது. 2022 ஜனவரியில் அங்குள்ள 99 எண்ணெய்த் தொட்டிகளைப் பங்கிட்டு உடன்பாடு கையெழுத்தானது: 14 இந்திய நிறுவனத்திற்கு, 24 இலங்கை நிறுவனத்திற்கு, 61 கூட்டு நிறுவனத்திற்கு. ஒப்பந்தத்தின் இரு பாதிகளில் எது நிறைவேறியது என்பதைத் தொட்டிகளின் எண்ணிக்கையே காட்டிவிடுகிறது.

2024இல் இலங்கை மக்கள் பழைய ஆளும் குடும்பங்களைத் தூக்கியெறிந்து ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தியை ஆட்சியில் அமர்த்தினர். யாழ்ப்பாண மாவட்டத்திலும் அக்கூட்டணி முதலிடம் பெற்றது. 1956க்குப் பிறகு இது சிறு செய்தியல்ல. ஆனால் 2025 ஏப்ரல் 5 அன்று, ஒரு காலத்தில் இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் பற்றி வகுப்பெடுத்த அதே கட்சியின் அதிபர் அநுர குமார திசாநாயக்க, மோடியுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டார். திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மற்றோர் உடன்பாடு. அப்பயணத்தில் மோடி இந்தியப் படையினரின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். யாழ்ப்பாண மருத்துவமனையில் இறந்த மருத்துவர்களையும் செவிலியரையும் மருத்துவமனை ஊழியர்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் தாங்களே நினைவுகூர்கின்றனர்.

அந்தப் போரின் மிச்சம் இந்த ஊருக்கும் அருகிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோழிவிளையிலும் பெருமாள்புரத்திலும் ஈழத் தமிழர் முகாம்கள் உள்ளன. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 50,000க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். பலர் நாற்பது ஆண்டுகளை நெருங்குகின்றனர். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2021இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்தியா தன் படையையே அனுப்பிய நான்காவது நாட்டை விட்டுவிட்டது. அங்கிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்களே. ஆயினும் அவர்களுடைய துன்பம் சங்கப் பரிவாரத்தின் கணக்குக்குப் பயன்படவில்லை. இந்நாட்டில் தங்க விரும்புவோருக்குக் குடியுரிமை, திரும்ப விரும்புவோருக்குக் காணியும் பாதுகாப்பும் உறுதிசெய்யும் இருதரப்பு ஏற்பாடு, 1987-90 காலத்துக் கொலைகள் குறித்து இந்திய நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் விசாரணை - இம்மூன்றையும் எல்லைக்கு இப்புறமுள்ள தோழர்களும் அப்புறமுள்ள தோழர்களும் சேர்ந்து எழுப்ப முடியும். கோழிவிளை முகாமுக்குச் சென்று, அங்குள்ளவர்கள் இம்மூன்றில் எதை முதலில் கேட்கிறார்கள் என்று விசாரிப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.